நான் ஏறாத விமானம்

1

மஸ்கட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து ஆண்டுகள் நிறைகின்றன. அதைப் பற்றி எழுத நாட்குறிப்பில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கே வேலை செய்தேன், எந்த வீட்டில் குடியிருந்தேன், எத்தனை முறை ஊருக்கு வந்தேன் என்று வரிசையாக எழுதுவதாகத் திட்டம். அந்தப் பக்கத்தை வித்யா பிடித்துக்கொண்டுவிட்டாள்.

வித்யா எங்கள் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பை இங்கே முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் பொறியியல் படிக்கச் சென்ற வாரம் ஊருக்குப் போனாள். வளைகுடாவில் பிழைக்கும் குடும்பங்களில் இது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அமெரிக்கா போனவர்கள், பிள்ளைகள் ஊரை விட்டு விலகிப் போகிறார்கள் என்று எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். விலகிப் போய் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள்தான்.

அவள் போன விமானத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் இங்குள்ள விமான நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளன். ஒரு விமானம் வந்து இறங்கியதும் அதைச் சோதித்து, பழுது இருந்தால் நீக்கி, ‘பறக்கலாம்’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் கேப்டன் எஞ்சினைத் தொடமாட்டார். வாரத்தின் பணிப்பட்டியலை ஒட்டியபோது பார்த்தேன். வியாழக்கிழமை பகல் மெட்ராஸ் போகும் விமானத்துக்கு நேராக என் பெயர் இருந்தது. வித்யாவின் டிக்கெட்டும் அதில்தான்.

வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“நீங்க கையெழுத்துப் போடற பிளேன்லயா இவ போறா?”

“ஆமா.”

“நீங்க கூடப் போறீங்களா?”

“நான் எப்படிப் போறது? லீவு இல்லையே.”

“அப்ப வேற யாராவது போடட்டுமே,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேற யாரு போட்டாலும் பயமாத்தான் இருக்கும்,” என்றாள். அதற்கப்புறம் சப்பாத்தி ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

மறுநாள் ஜோசப்பும் அதையேதான் சொன்னார். கோட்டயத்துக்காரர், என்னோடு சேர்ந்தவர், அதே லைசென்ஸ். டாக்டர்கள் தங்கள் வீட்டு ஆட்களுக்கு ஆபரேஷன் செய்வதில்லையே, வியாழக்கிழமை ஷிப்டைத் தன்னோடு மாற்றிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். புதன்கிழமை மாலைக்குள் பதில் சொல்கிறேன் என்றேன்.

என் தயக்கத்துக்குக் காரணம் ஜோசப்புக்குப் புரியாது. ஜெயாவுக்குப் புரியும். அவள் ஒரு விமானப்படைக்காரனைக் கட்டிக்கொண்டவள்.

2

விமானப்படையில் பதினைந்து ஆண்டுகள் இருந்தேன். விமானத்தின் உடற்பகுதியும் சக்கரங்களும் என் பிரிவு. எஞ்சினுக்கு வேறு ஆள், மின்சாரத்துக்கு வேறு ஆள். அவரவர் பிரிவைத் தாண்டி ஒரு ஸ்குரூவைத் தொட்டால்கூடச் சண்டை வரும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெரிய பழுது ஒன்றைப் பிரித்துப் பார்த்து மாட்டிய பிறகு, விமானத்தைச் சோதனைக்காக ஒருமுறை மேலே கொண்டுபோவார்கள். பிரித்து மாட்டியவனும் அதில் ஏற வேண்டும். எழுத்தில் இருந்த சட்டமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் நான் இருந்த இடங்களில் எல்லாம் அப்படித்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, பாராசூட் பிரிவுக்குப் போய் ஒரு பாராசூட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். மேலே போய் நாம் செய்யப்போவது ஒன்றும் இல்லை. நாமும் அதில் இருக்கிறோம் என்பது விமானிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நாளை நாமே ஏறப்போகிறோம் என்று தெரிந்தவன் ஒரு நட்டைக் கூட அரைகுறையாக முடுக்கமாட்டான்.

கடைசி நான்கு ஆண்டுகள் தாம்பரத்தில் இருந்தேன். சேலையூரில் கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, மாடி வீட்டில் வாடகை. பயிற்சி விமானங்கள்தான் அங்கே அதிகம். சோதனைக்கு ஏறினால் குரோம்பேட்டை, சிட்லபாக்கம் ஏரி, ஜி.எஸ்.டி. ரோடு, அதை ஒட்டி ஓடும் மின்சார ரயில் எல்லாம் கீழே தெரியும். விமானம் சேலையூர் பக்கம் திரும்பும்போது எங்கள் மொட்டை மாடியைத் தேடுவேன். காலையில் போகும்போதே இன்றைக்கு ஏறுகிறேன் என்று ஜெயாவிடம் சொல்லியிருப்பேன். அவள் சிவப்புப் புடவையை எடுத்துக் கொடியில் நீளமாக உலர்த்தியிருப்பாள். துவைத்த புடவைதானா என்று ஒருநாள் கேட்டேன். “பீரோலேர்ந்து எடுத்தது. அது ஒண்ணுதான் உங்களுக்கு மேலேர்ந்து தெரியும்,” என்றாள்.

பயமாக இல்லையா என்றும் கேட்டிருக்கிறேன். நீங்களே முடுக்கி நீங்களே ஏறினால் எனக்கு என்ன பயம் என்பாள். இத்தனை ஆண்டுகளில் அவள் கற்றுக்கொண்ட விமானவியல் இவ்வளவுதான். என்னுடையதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

3

எண்பத்து நாலில் வெளியே வந்தேன். வித்யாவுக்கு அப்போது நான்கு வயது. சிவில் விமானங்களில் வேலை செய்ய வேண்டுமானால் லைசென்ஸ் வேண்டும். படையில் செய்த வேலைக்கு அங்கே அரை மதிப்புதான். எஞ்சினையும் சேர்த்துப் படிக்க வேண்டும், சட்டமும் படிக்க வேண்டும். சான்றிதழ் நகல்களோடு அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் என் பதினைந்து வருட வேலையைப் படையிலிருந்து உறுதி செய்து வாங்கி வரச் சொன்னார்கள். படையில் கேட்டால், அந்த அலுவலகம் கேட்டு எழுதினால்தான் கொடுப்போம் என்றார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நான் ஒரு நல்ல தபால்காரனாக இருந்தேன்.

மாலை நேரங்களில் சிட்லபாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் படிப்பு. என்னைப் போலவே படையிலிருந்து வந்த சிலர் கூடுவோம். எழுத்துத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்தேன். கடைசியில் நேர்முகத் தேர்வு. மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். எஞ்சினைப் பற்றிக் கேட்டார்கள், அதையும் சொன்னேன். நடுவில் இருந்தவர் கேட்டார். “பிரேக் யூனிட்டை மாத்திட்டீங்க. டெஸ்ட் பண்ணிட்டீங்க. எல்லாம் ஓ.கே. அடுத்து என்ன செய்வீங்க?”

நேராக நிமிர்ந்து நின்று சொன்னேன். “பாராசூட் வாங்கப் போவேன் சார்.”

இடது பக்கம் இருந்தவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. என் கோப்பை மூடிக்கொண்டே சொன்னார்.

“மிஸ்டர் கணேசன், பின்னாடி உட்கார்ந்திருக்கற பாசஞ்சர் யாருக்கும் பாராசூட் கிடையாது. உங்களுக்கும் கிடையாது. இது புரிஞ்சப்புறம் வாங்க.”

அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓய்வூதியம் வாடகைக்கும் பாலுக்கும் போய்விடும். ஜெயா சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்ந்தாள்.

அவளுடைய தம்பி குமாருக்கு கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை. கதையைக் கேட்டு அவனுக்கு ஒரே கோபம், அதிகாரிகள் மேல்.

“இன்னா மாமா அநியாயம் இது? நானே ஒரு வண்டிய ரிப்பேர் பண்ணா ராஜகீழ்ப்பாக்கம் வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துதான் சாவியக் குடுப்பேன். ரிப்பேர் பண்ணவன் ஓட்டலன்னா கஸ்டமர் எப்டி நம்புவான்?”

“அங்க அப்படி இல்லடா. கையெழுத்துப் போட்டுட்டு கீழ நின்னுடணும்.”

“நீ ஏறாத பிளேன்ல நான் ஏற மாட்டேன்பா,” என்றான் குமார். அவன் எந்த விமானத்திலும் ஏறியதில்லை, இன்றுவரை.

அடுத்த தேர்வில் வேறு அதிகாரிகள். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்வதற்கு ‘கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பேன்’ என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். லைசென்ஸ் கிடைத்தது. மீனம்பாக்கத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. என் கையெழுத்தோடு முதல் விமானம் மதுரைக்குப் போன நாளில், அது திரும்பி வந்து சக்கரம் தரையில் படும் வரை வேலி ஓரமாகவே நின்றேன். என் ஷிப்ட் முன்பே முடிந்திருந்தது. திரிசூலத்தில் ரயிலேறி வீட்டுக்கு வந்தபோது ஜெயா கேட்டது ஒரே கேள்விதான். “ஏறினீங்களா?” இல்லை என்றேன். அவளுக்கு அது பதவி இறக்கம் போலத் தோன்றியது. எனக்கும்தான்.

4

எண்பத்தெட்டில் இங்கே வந்தபோது முதலில் என் பெயர் மாறியது. எஸ். கணேசன் என்ற பெயரை பாஸ்போர்ட்டில் விரித்து எழுதப்போய், அப்பாவின் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. குடியேற்ற அலுவலகம், தொழிலாளர் அட்டை, விமான நிலைய அட்டை எல்லாவற்றிலும் நான் சதாசிவம். திருத்தச் சொல்லி ஒரு முறை மனுக் கொடுத்தேன். சதாசிவத்தின் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். என் அப்பா ரயிலைத் தவிர வேறெதிலும் ஏறாமல் காலமானவர். பத்து ஆண்டுகளாக இங்கிருந்து கிளம்பும் விமானங்கள் பல, அவர் பெயரைச் சுமந்து பறக்கின்றன.

பேச்சும் கலந்துவிட்டது. சாமான் ஏற்றும் ஓமானியரோடு படையில் கற்ற இந்தி. ஜோசப்போடு பாதித் தமிழ், பாதி மலையாளம். வித்யாவின் வகுப்பில் பெரும்பாலும் மலையாளப் பிள்ளைகள். சாப்பிட்டு முடித்தால், “சாப்பிட்டு கழிஞ்சது அப்பா” என்பாள். போன கோடையில் சேலையூர் போனபோது குமாரிடமும் அப்படியே சொல்லிவிட்டு, அவன் “இன்னாது?” என்றதும் முகம் சிவந்தாள். பதிலுக்கு அவன் பேசுவது இவளுக்குப் பாதி புரிவதில்லை. இருந்தாலும் அவள் தங்கிப் படிக்கப்போவது அவன் வீட்டில்தான். ஊர் என்று நாங்கள் சொல்லும் இடம் அவளுக்கு விடுமுறையில் பார்த்த இடம். கொசு, மின்வெட்டு, காலையில் தண்ணீர் லாரி, மாமாவின் கடையில் பெட்ரோல் வாசனை. அவ்வளவுதான் அவள் அறிந்தது. பெட்டி கட்டும்போது, “நான் அங்க போனா ஃபாரினர் மாதிரி இருப்பேன் இல்லப்பா?” என்று கேட்டாள். நான் இங்கே இருப்பது போலத்தான் என்றேன். “அப்ப பரவால்ல,” என்றாள். அது பாராட்டா என்று இன்னும் யோசிக்கிறேன்.

புதன்கிழமை மாலை அவளிடமே கேட்டேன். உன் விமானத்துக்கு நான் கையெழுத்துப் போடட்டுமா, ஜோசப் மாமா போடட்டுமா? அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன நாளா நீங்க யாருக்குப்பா போட்டீங்க?” என்றாள்.

“வர்ற பாசஞ்சருக்கு.”

“நானும் பாசஞ்சர்தானே? டிக்கெட் வாங்கியிருக்கேன்.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த அதிகாரி கோப்பை மூடிய சத்தம் கேட்டது. பத்து ஆண்டுகளாக நான் அனுப்பிய ஒவ்வொரு விமானத்திலும் யாருடைய மகளோ உட்கார்ந்திருக்கிறாள். அவர்களையெல்லாம் கீழே நின்று அனுப்பிவிட்டு, என் மகள் ஏறும்போது மட்டும் பேனாவை அடுத்தவர் கையில் கொடுத்தால், இதுவரை போட்ட கையெழுத்துகளுக்கு என்ன பொருள்? ஜோசப்புக்குத் தொலைபேசியில் சொன்னேன், மாற்ற வேண்டாம் என்று.

5

வியாழக்கிழமை அந்த விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியது. சுற்றி வந்து பார்த்தபோது வலது பக்கம் ஒரு பிரேக் தேய்ந்து, மாற்ற வேண்டிய அளவைத் தொட்டிருந்தது. பிரேக்! நேர்முகத் தேர்வில் கேட்ட அதே பிரேக். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவசரமில்லாமல் மாற்றினோம். மற்றவற்றையும் பார்த்தேன். ஒருமுறை பார்த்ததை இன்னொரு முறை பார்த்தேன். டயரின் காற்றை மூன்றாவது முறை அளந்தபோது ஜோசப் வந்தார். அவருக்கு அன்று வேறு விமானம். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தாராம்.

“சதாசிவன் சாரே, அந்த டயர் என்ன, மாப்பிள்ளையா? இப்படித் தடவுறது?”

கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வழக்கமாக எப்படிப் போடுவேனோ அப்படித்தான் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் அது ஒரு வேலையாகத்தான் இருந்தது.

விமானத்தை இழுவை வண்டி பின்னால் தள்ளும்போது நான் கீழே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேப்டனோடு பேசியபடி நடந்து போக வேண்டும். தள்ளும்போது, கேப்டன் திருப்ப முடியாதபடி முன் சக்கரத்தில் ஓர் இரும்பு முள் செருகியிருக்கும். தள்ளி முடித்து, வண்டியைக் கழற்றி, அந்த முள்ளையும் உருவியதும், பக்கவாட்டில் தள்ளி நின்று அதைக் கேப்டனுக்கு உயர்த்திக் காட்ட வேண்டும். எடுத்துவிட்டேன், நீ போகலாம் என்று அர்த்தம். தொலைவிலிருந்தும் தெரியட்டும் என்று முள்ளில் நீளமாகச் சிவப்பு நாடா கட்டியிருப்பார்கள்.

உயர்த்திக் காட்டினேன். கேப்டன் கை அசைத்தார். அத்தோடு இறக்கியிருக்க வேண்டும். நான் இறக்கவில்லை. ஜன்னல்கள் எல்லாம் சூரிய ஒளியில் ஒரே மாதிரி பளபளத்தன, எதில் வித்யா என்று தெரியவில்லை. விமானம் திரும்பிப் போகும் வரை அந்தச் சிவப்பு நாடாவைக் காற்றில் பிடித்தபடி நின்றேன். ஷிப்ட் முடிந்து பயணிகள் கூடத்துக்குப் போனபோது ஜெயா அங்கேயே காத்திருந்தாள். கண்ணாடி வழியாக எல்லாம் பார்த்திருக்கிறாள்.

“நம்ம மாடிக் கொடி மாதிரியே இருந்துது,” என்றாள். “ஏறினீங்களா”வைக் கேட்கவில்லை.

6

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் சேலையூரிலிருந்து போன் வந்தது. குமார்தான் முதலில் பேசினான். பதினாலு வருடத்துக் கணக்கு அவனுக்கு மறக்கவில்லை.

“இன்னா மாமா, நீ ஏறாமயே பிளேன் வந்துச்சே!”

“வந்துச்சா?”

“சூப்பரா எறங்குச்சு. நான் வெளிய நின்னு பாத்துகினு இருந்தேன். பிரேக் நல்லாப் புடிக்குது.”

பிரேக் மாற்றியது அவனுக்குத் தெரியாது. எல்லா வண்டிக்கும் அவன் சொல்லும் வாக்கியம் அது. ஆனாலும் எனக்கு அது லைசென்ஸ் வாங்கிய நாளைவிட நன்றாக இருந்தது. பிறகு வித்யா பேசினாள்.

“எல்லாம் நல்லா இருந்துச்சுப்பா. ஒண்ணே ஒண்ணுதான். என் சீட்டுக்கு மேல ரீடிங் லைட் எரியல.”

“எரியலையா?”

“இல்லப்பா. பாதி வழில இருட்டிடுச்சு. படிக்க முடியல. ஏர்ஹோஸ்டஸ் கிட்ட சொன்னேன், எழுதி வைங்க, எங்க அப்பாதான் இந்த பிளேன் பாக்கறவர், அவரே வந்து மாத்துவார்னு.”

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஜெயா அடக்க முடியாமல் சிரித்தாள். டயரை மூன்று முறை அளந்தவன், மகள் தலைக்கு மேல் இருந்த பல்பைப் பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் விளக்குகளைப் பணிப்பெண்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். இருவரும் கேட்கவில்லை. மாமி தோசை சுடுகிறாள் என்று வித்யா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே விமானம் திரும்பி வந்து, பகலில் மீண்டும் மெட்ராஸ் புறப்பட நின்றது. உள்புறக் குறைகள் எழுதும் ஏட்டில் ஒரே ஒரு வரி. இருக்கை எண், படிக்கும் விளக்கு எரியவில்லை. இந்த மாதிரி வேலைக்கு உதவியாளர்கள் இருக்கிறார்கள். நானே ஒரு பல்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். மூடியைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை மாட்டினேன். எரிகிறதா என்று நின்றபடியே பார்த்திருக்கலாம். வித்யாவின் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். மடியில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முள்ளோடு நான் நின்ற இடம் அங்கிருந்து மிகத் தெளிவாகத் தெரிந்தது.

பயணிகள் வரும் நேரம். கீழே நின்றிருந்த ஜோசப் படியேறி வந்து கதவருகில் தலையை நீட்டினார்.

“சாரே, எறங்குறீங்களோ, அல்ல மெட்ராசுக்குப் போறீங்களோ?”

விளக்கை அணைத்தேன். கீழே இறங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.